பிசினஸ் லேப்டாப்: யாருக்காகச் செய்தது, யார் கைக்கு வருகிறது

ஒரு பிசினஸ் லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து அடிமூடியின் ஸ்க்ரூக்களைத் தளர்த்திப் பாருங்கள். பல மாடல்களில் ஸ்க்ரூ கழன்று மேஜையில் உருளாது. தளர்ந்த பிறகும் மூடியிலேயே தொங்கிக்கொண்டு நிற்கும். மூடியைத் தூக்கினால் பேட்டரி, எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் கண்ணெதிரே தனித்தனியாக இருக்கும், ஒன்றை எடுக்க இன்னொன்றைப் பிரிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒரே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் திறக்காத ஆளுக்காக ஒரு கம்பெனி இவ்வளவு மெனக்கெடாது. ஒரே நாளில் இருபது லேப்டாப்பைத் திறந்து மூட வேண்டிய ஐடி துறை ஊழியருக்காகச் செய்த வேலை இது.

பிசினஸ் லேப்டாப்பைப் புரிந்துகொள்ள இது ஒன்று போதும் என்று நினைக்கிறேன். இதில் காசு கொடுத்து வாங்குபவர் ஒருவர், உட்கார்ந்து தட்டுபவர் வேறொருவர். வாங்குவது ஐடி துறை, அதுவும் ஒரே மாடலில் ஆயிரக்கணக்கில். அவர்களுக்குக் கடையில் பளபளவென்று தெரிவது முக்கியமில்லை. காலை பத்து மணிக்கு ஒருவர் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று வந்து நின்றால் பதினோரு மணிக்குள் மாற்றிக் கொடுக்க முடியுமா, நான்கு வருடம் கழித்தும் அந்தக் கீபோர்டு கிடைக்குமா, எல்லா மெஷினுக்கும் ஒரே சார்ஜர் ஒத்துவருமா, தொலைந்துபோனால் தூரத்திலிருந்தே பூட்ட முடியுமா என்பதுதான் அவர்கள் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்விகளுக்குப் பதிலாகத்தான் இந்த மெஷின்கள் உருவாகின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கும் நமக்குக் கிடைக்கும் நன்மைகளும் நாம் மாட்டிக்கொள்ளும் பொறிகளும் இரண்டுமே இங்கிருந்துதான் வருகின்றன.

பெயர்களைக் கொஞ்சம் தெளிவாக்கிக்கொள்வோம். திங்க்பேட் ஐபிஎம்மின் பிள்ளை. கறுப்புப் பெட்டி வடிவத்தில், ஜெர்மானிய வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பரின் கைவண்ணத்தில், 1992-இல் 700சி மாடல் வந்தது. கீபோர்டின் நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புக் குமிழ் டெட் செல்கர் கண்டுபிடித்தது. கையை எழுத்துகளிலிருந்து எடுக்காமலே கர்சரை நகர்த்துவதற்காக வைத்தார்கள், பழகியவர்கள் அதை விடவே மாட்டார்கள். 2005-இல் ஐபிஎம்மின் பிசி பிரிவு முழுவதும் லெனோவோவிடம் போனது. டெல்லின் லாட்டிட்யூட் 1994-இல் தொடங்கியது, 2025-இல் அந்தப் பெயரை எடுத்துவிட்டு டெல் ப்ரோ என்று வைத்தார்கள், அதனால் பழைய சந்தையில் இன்னும் பல வருடங்களுக்கு லாட்டிட்யூட்தான் தெரியும். எச்பியின் எலைட்புக் 2008-இல் வந்தது.

ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே ஒரே தரம் இல்லை. திங்க்பேட்டில் இ, எல் வரிசைகள் விலை குறைந்தவை, டி வரிசைதான் நடுநாயகம், எக்ஸ் எடை குறைந்தது, பி என்பது கனமான வடிவமைப்பு வேலைக்கு. லாட்டிட்யூட்டில் 3000 என்று தொடங்கும் எண்கள் அடிமட்டம், 5000 நடுத்தரம், 7000 மேல்மட்டம். எச்பியில் ப்ரோபுக் கீழே, எலைட்புக் மேலே. மேலே அதே சின்னம் ஒட்டியிருக்கிறது என்பதற்காக அடிமட்ட வரிசைக்கு மேல்மட்ட விலை கொடுத்துவிடாதீர்கள். என்னைக் கேட்டால் டி வரிசை, லாட்டிட்யூட் 5000 அல்லது 7000, எலைட்புக் 800, இவற்றில் ஒன்றைத் தேடுவது நல்லது. கம்பெனிகள் அதிகமாக வாங்கியது இவற்றைத்தான் என்பதால் பாகங்களும் இவற்றுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

எப்படி இவ்வளவு மெஷின்கள் வெளியே வருகின்றன? பெரிய நிறுவனங்கள் பல லேப்டாப்பைச் சொந்தமாக வாங்குவதே இல்லை, மூன்று அல்லது நான்கு வருடக் குத்தகைக்கு எடுக்கின்றன. வாரண்டியும் அதே காலத்துக்கு இருக்கும். காலம் முடிந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுப்பார்கள். அப்படித் திரும்பி வரும் நூறும் ஆயிரமும் சுத்தம் செய்யும் நிறுவனங்களுக்குப் போய், கீறல், தேய்மானம் பார்த்து ஏ, பி, சி என்று தரம் பிரிக்கப்பட்டு சந்தைக்கு வருகின்றன. இந்தத் தரப் பிரிப்புக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது, ஒருவரின் ஏ இன்னொருவரின் பி. பெரும்பாலும் அது வெளித்தோற்றத்துக்குப் போட்ட மார்க்தான், பேட்டரியின் உடல்நிலையைப் பற்றி அந்த எழுத்து எதுவும் சொல்லாது.

ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் புழங்குவதில் இன்னொரு லாபமும் உண்டு: அதன் நோய்கள் எல்லாம் ஏற்கெனவே ஊரறிந்தவை. உதாரணமாக, 2017 முதல் 2019 வரை வந்த பல திங்க்பேட்களில் தண்டர்போல்ட் சிப்பின் ஃபர்ம்வேரில், அதாவது சிப்புக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில், ஒரு பிழை இருந்தது, நாளடைவில் யூஎஸ்பி-சி போர்ட் வேலை செய்யாமல் போய்விடும். லெனோவோ அதற்கு அப்டேட் வெளியிட்டது. பழைய டி480 ஒன்றை வாங்கினால் முதல் நாளே அந்த அப்டேட் போட்டிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். போடாமல் வருடக்கணக்கில் ஓடிய மெஷினில் போர்ட் ஏற்கெனவே சாகத் தொடங்கியிருக்கலாம்.

வாங்கும் முன் நான் செய்யச் சொல்லும் ஒரு வேலை உண்டு, பலர் இதைச் செய்வதில்லை. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுத்துப் படியுங்கள். லெனோவோ, டெல், எச்பி மூன்றுமே தங்கள் பிசினஸ் மாடல்களுக்கு இதை இலவசமாகத் தருகின்றன, எந்த ஸ்க்ரூவை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று படத்தோடு இருக்கும். அதில் கீபோர்டு மாற்றும் பக்கத்தை மட்டும் பார்த்தால் போதும், அந்த மெஷினின் குணம் தெரிந்துவிடும். சிலவற்றில் நான்கைந்து படிகளில் கீபோர்டு கைக்கு வந்துவிடும். மெல்லிய மாடல்கள் பலவற்றில் மதர்போர்டு வரை வெளியே எடுக்கச் சொல்லும், அல்லது கீபோர்டையும் அது பொருந்தியிருக்கும் மேல்தட்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லும். கீபோர்டு என்றாவது ஒருநாள் தண்ணீர் குடிக்கப் போகிறது, அன்றைக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

ரேமும் அப்படித்தான். டி480-இல் இரண்டு ஸ்லாட் உண்டு, பிறகு எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். டி14 முதல் தலைமுறையில் ஒரு பகுதி போர்டிலேயே பற்றவைக்கப்பட்டு ஒரு ஸ்லாட் மட்டும் காலியாக இருக்கும். டி14எஸ், எக்ஸ்1 கார்பன் போன்றவற்றில் எல்லாமே பற்றவைத்ததுதான், 8 ஜிபி என்று வந்தால் கடைசிவரை 8 ஜிபிதான். பெயரில் ஒரே ஒரு எஸ் சேர்ந்ததற்கு இவ்வளவு வித்தியாசம். இன்றைய பிரவுசர்கள் ஓடும் விதத்துக்கு 16 ஜிபிக்குக் குறைவாக எதையும் வாங்க வேண்டாம், பற்றவைத்ததாக இருந்தால் அதில் சமரசமே வேண்டாம்.

புராசஸரைப் பொறுத்தவரை இன்டெல்லின் ஐ5, ஐ7 என்ற பட்டத்தைப் பார்த்து ஏமாறுபவர்கள்தான் அதிகம். ஏழாம் தலைமுறையின் ஐ7-7500யூவில் இரண்டு கோர்தான், அதாவது வேலை செய்யும் மூளை இரண்டுதான். 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையின் ஐ5-8250யூவில் நான்கு கோர். ஐ7 என்று எழுதியிருக்கும் பழையதைவிட ஐ5 என்று எழுதியிருக்கும் அடுத்தது வேகமானது, பட்டத்தைவிடத் தலைமுறைதான் முக்கியம். ஏஎம்டியிலும் இதே குழப்பம் உண்டு: ரைசன் 5 7530யூ என்பதும் 7540யூ என்பதும் பக்கத்து வீட்டு எண்கள் மாதிரி இருந்தாலும் முன்னது பழைய ஜென் 3 கட்டமைப்பு, பின்னது ஜென் 4.

இந்த எட்டாம் தலைமுறைக் கோட்டுக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது பெரும்பாலும் இன்டெல் எட்டாம் தலைமுறையிலிருந்தும் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் இவ்வளவு மலிவாகக் குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுதான். விண்டோஸ்தான் வேண்டும் என்றால் அவற்றைத் தொட வேண்டாம். லினக்ஸ் போடத் தயார் என்றால் கதை வேறு. பிசினஸ் லேப்டாப்களில் லினக்ஸ் நன்றாக ஓடும், பல மாடல்களுக்கு ஃபர்ம்வேர் அப்டேட்கூட லினக்ஸுக்குள்ளேயே வந்துவிடுகிறது. எழுதவும் படிக்கவும் கணக்கு வைக்கவும் அது தாராளமாகப் போதும்.

திரையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. ஒரே மாடல் எண்ணில் மூன்று நான்கு விதத் திரைகள் வந்திருக்கும். ஐடி துறை மொத்தமாக வாங்கும்போது மிச்சம் பிடிக்கும் இடம் பெரும்பாலும் இதுதான், ஏனென்றால் அலுவலக மேஜையில் தனி மானிட்டர் இருக்கிறது. அதனால் 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட, டிஎன் என்ற மலிவு வகை மங்கிய திரையோடு ஓர் அருமையான மெஷின் உங்கள் கைக்கு வரக்கூடும், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் நிறமே மாறிவிடும். 1920க்கு 1080, பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் வகை என்பது குறைந்தபட்சம். அதிலும் 250 நிட்ஸ் வெளிச்சம் கொண்டவையே அதிகம், அறைக்குள் சமாளிக்கலாம், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணைச் சுருக்க வேண்டிவரும். 400 நிட்ஸ் திரை கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தும் வாங்கலாம். பார்க்கப்போகும்போது திரை முழுக்க வெள்ளை வரும்படி ஒரு காலிப் பக்கத்தைத் திறந்து வையுங்கள், கீபோர்டு அழுத்திய தடமும் ஓரத்துக் கறையும் மஞ்சள் திட்டும் அப்போதுதான் தெரியும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். பழைய லேப்டாப்பில் கட்டாயம் தேய்ந்திருக்கும் பொருள் இது ஒன்றுதான், அதுவும் அலுவலக மெஷின்கள் வருடக்கணக்கில் சார்ஜரிலேயே, நூறு சதவீதத்திலேயே கிடந்தவை. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடு போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று சேர்த்து எழுதி என்டர் தட்டினால் ஓர் அறிக்கை தயாராகும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: தொழிற்சாலையில் வைத்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. முதலாவது 50,000, இரண்டாவது 31,000 என்றால் பேட்டரியில் 62 சதவீதம்தான் மிச்சம். அப்படி இருந்தால் வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை, புது பேட்டரியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறேன். ஆனால் அறிக்கை நல்ல எண்ணைக் காட்டினாலும் விரலால் ஒன்றைச் சோதித்துப் பாருங்கள். டச்பேடு ஒரு பக்கம் மட்டும் அழுத்த மறுக்கிறதா, மூடியை மூடினால் ஓரத்தில் நூலிழை இடைவெளி தெரிகிறதா, சமதளத்தில் வைத்தால் ஆடுகிறதா? இப்படி இருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடக்கூடாது, அணைத்துவிட்டு முறையாக அப்புறப்படுத்தச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்.

இனி நான் உண்மையிலேயே அடிபட்ட இடம். சில வருடங்களுக்கு முன் ஒரு பழைய லேப்டாப் வாங்கினேன். விற்றவர் போட்டுக் காட்டினார், எல்லாம் ஓடியது, பேட்டரியும் நல்ல நிலை. ஒரு வாரம் கழித்து மெஷினைச் சுத்தமாக அழித்து விண்டோஸை முதலிலிருந்து போட்டேன். வைஃபை பாஸ்வேர்டு கொடுத்த அடுத்த நிமிடம், நான் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரோடு வரவேற்புத் திரை வந்து, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சல் முகவரியைக் கேட்டு நின்றது. எவ்வளவு தடவை அழித்துப் போட்டாலும் அதே திரை. விற்றவர் பழைய நிறுவனத்தோடு பேசி அதை விடுவித்துக் கொடுக்கப் பல வாரம் ஆனது, அவர் நல்ல மனிதர் என்பதால் தப்பித்தேன்.

நடந்தது இதுதான். விண்டோஸ் ஆட்டோபைலட் என்ற ஏற்பாட்டில் நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்களின் வன்பொருள் அடையாளத்தை மைக்ரோசாஃப்டின் சர்வரில் பதிந்து வைக்கின்றன. பதிவு மெஷினில் இல்லை, அதனால் டிஸ்கை அழித்தாலும் மாற்றினாலும் போகாது. இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸைப் போட்டு சாதாரணக் கணக்கில் நுழைந்து காட்டினால் எதுவும் தெரியாது. நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் தீர்வு. இதைப் போலவே பயாஸில், அதாவது விண்டோஸுக்கும் முன்பே ஓடும் மெஷினின் அடிப்படை மென்பொருளில், நிர்வாகி பாஸ்வேர்டு போட்டு வைத்திருப்பார்கள். பழைய காலத்து மாதிரி மதர்போர்டின் சின்ன பேட்டரியைக் கழற்றி வைத்தால் அழிந்துவிடும் என்று நினைக்காதீர்கள், இந்த மெஷின்களில் அது தனிச் சிப்பில் உட்கார்ந்திருக்கிறது, சில பிராண்டுகளில் மதர்போர்டை மாற்றுவதுதான் தயாரிப்பாளர் சொல்லும் ஒரே வழி. மூன்றாவதாக ஆப்சொல்யூட் என்ற திருட்டுத் தடுப்பு மென்பொருளின் வேர் பல மாடல்களில் பயாஸிலேயே இருக்கும், முன்பு கம்ப்யூட்ரேஸ் என்பார்கள். அது இயங்கும் நிலையில் இருந்தால் பழைய முதலாளி இன்னும் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.

இவை எல்லாம் திருடனுக்கு எதிராக ஐடி துறை போட்ட பூட்டுகள், நியாயமானவைதான். குத்தகை முடிந்து அனுப்பும்போது யாரோ ஒருவர் திறந்துவிட மறந்திருப்பார். அதனால் பணம் கொடுக்கும் முன் மூன்று விஷயம்: பயாஸுக்குள் போய் ஒரு செட்டிங்கை மாற்றிச் சேமிக்க முடிகிறதா, ஆப்சொல்யூட் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, விண்டோஸை ரீசெட் செய்து இன்டர்நெட்டோடு இணைத்தால் யார் பெயர் வருகிறது. ரீசெட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகலாம், விற்பவர் முகம் சுளிக்கலாம். காத்திருங்கள். முடியாது என்றால் எழுத்து மூலம் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கிக்கொள்ளுங்கள், அதுவும் இல்லை என்றால் வேறு மெஷின் பார்க்கலாம்.

அப்புறம் சீரியல் எண். டெல்லில் அதைச் சர்வீஸ் டேக் என்பார்கள், ஏழு எழுத்து. தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் வாரண்டி எப்போது முடிகிறது, இந்த மெஷின் தொழிற்சாலையிலிருந்து என்னென்ன பாகங்களோடு புறப்பட்டது என்று பொதுவாகத் தெரிந்துவிடும். அதில் 16 ஜிபி என்றிருந்து கையில் 8 ஜிபி இருந்தால் நடுவில் யாரோ எடுத்திருக்கிறார்கள். பயாஸில் காட்டும் எண்ணும் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

சார்ஜரில் கஞ்சத்தனம் வேண்டாம். வட்டமுனை கொண்ட பழைய டெல் சார்ஜர்களுக்கு நடுவே ஒரு மெல்லிய ஊசி இருக்கும், இது என் சார்ஜர்தானா, எத்தனை வாட் என்று மெஷின் அதன் வழியாகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஊசி வளைந்திருந்தாலோ போலியாக இருந்தாலோ பேட்டரி ஏறாது, புராசஸர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும், மெஷினே கெட்டுவிட்டது போல் இருக்கும். யூஎஸ்பி-சியில் ஏறும் மாடல்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, நல்ல 65 வாட் சார்ஜர் ஒன்று பெரும்பாலானவற்றுக்குப் போதும்.

ராணுவத் தரம், எம்ஐஎல்-எஸ்டிடி-810 என்று விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. அதில் எந்தெந்தச் சோதனையைச் செய்வது என்று தீர்மானிப்பது தயாரிப்பாளரேதான், ராணுவம் வந்து முத்திரை குத்துவதில்லை. கீலும் சட்டமும் திடமாக இருக்கும் என்ற அளவுக்கு நம்பலாம். கீழே போடலாம் என்று அர்த்தமில்லை.

அப்படியென்றால் புதியதை யார் வாங்க வேண்டும்? மெஷின் ஒருநாள் நின்றாலும் வருமானம் நின்றுவிடும் என்ற நிலையில் இருப்பவர்கள். அவர்களுக்கு, வீட்டுக்கே வந்து அடுத்த வேலைநாளில் சரிசெய்து கொடுக்கும் மூன்று வருட வாரண்டி என்பது லேப்டாப்பைவிடப் பெரிய பொருள். நாள் முழுக்க வெளியில் சுற்றி பேட்டரியில் ஓட்டுபவர்களுக்கும் புதியதே நல்லது, அண்மைக்காலத்துச் சிப்கள் மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துவதில் பழையவற்றைவிட நிறைய முன்னேறிவிட்டன. ஆனால் புதியதில் ரேமை முதல் நாளே முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள், இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் புராசஸரோடு ஒரே பொதியில் வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, பிறகு மாற்றவே முடியாது. மற்ற எல்லோருக்கும், குறிப்பாகப் படிக்கும் பிள்ளைகளுக்கும் எழுத்து வேலை செய்பவர்களுக்கும், அதே பணத்தில் கிடைக்கும் புதிய மலிவு லேப்டாப்பைவிட மூன்று நான்கு வயதான பிசினஸ் லேப்டாப் நீண்ட நாள் உழைக்கும் என்பது என் தீர்மானமான கருத்து.

வாங்கிவிட்ட பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. மேஜையிலேயே இருக்கும் மெஷின் என்றால் சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும்படி அமையுங்கள், மூன்று நிறுவனங்களின் மெஷின்களிலும் சார்ஜ் அளவைக் கட்டுப்படுத்த ஏதோ ஒரு வழி உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை அடிமூடியைத் திறந்து ஃபேனில் சேர்ந்த தூசியை எடுங்கள், ஊதும்போது இறக்கை சுழலாதபடி விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து வயதான மெஷின் சும்மா இருக்கும்போதே சூடானால் புராசஸர் மேல் பூசிய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினால் சத்தமும் குறையும். பயாஸ் அப்டேட் வந்தால் சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு போடுங்கள்.

என்றாவது நீங்கள் அதை விற்கும் நாள் வரும்போது, பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுத்துவிட்டு, கணக்குகளிலிருந்து மெஷினை நீக்கிவிட்டு, பயாஸிலேயே உள்ள டிஸ்க் அழிக்கும் வசதியால் எஸ்எஸ்டியைச் சுத்தமாக அழித்து, அதன் சொந்தச் சார்ஜரோடு, மாற்றிய பாகங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி வைத்துக் கொடுங்கள்.